வெளிநாட்டிலிருந்து குறைந்தது ஒருவர்

ஒரு கருத்தரங்கை சர்வதேசக் கருத்தரங்கு என்று அழைப்பதற்கு மேலிடம் விதித்திருக்கும் நிபந்தனை மிக எளிமையானது. வெளிநாட்டிலிருந்து குறைந்தது ஒருவர் வந்திருக்க வேண்டும். அவர் எதைப் பற்றிப் பேச வேண்டும், பேசத்தான் வேண்டுமா, பேசினால் யாராவது கேட்க வேண்டுமா என்பதைப் பற்றியெல்லாம் சுற்றறிக்கை மூச்சுவிடவில்லை. வந்தால் போதும். வந்ததற்கு ஒரு புகைப்படம், பதிவேட்டில் ஒரு கையெழுத்து, கையெழுத்துக்கு எதிரே நாட்டின் பெயர்.

அந்தக் கல்லூரிக்கு அந்தக் 'குறைந்தது ஒருவர்' பதினோரு ஆண்டுகளாக ஒரே ஆள்தான். முதல் ஆண்டு கடல்சார் உயிரியல் துறை கருத்தரங்கு நடத்தியது. அடுத்த ஆண்டு வணிகவியல். அதற்கப்புறம் பெண்ணெழுத்து, திடக்கழிவு மேலாண்மை, எண் கோட்பாடு என்று துறைகள் மாறின. மேடைக்குப் பின்னால் கட்டும் பேனரின் நிறம் மாறியது. அவர் மாறவில்லை. திடக்கழிவிலும் எண் கோட்பாட்டிலும் ஒருசேர உலகப் புகழ் பெற்றவர் பூமியில் வேறு யாரும் இருக்கிறார்களா என்பது சந்தேகமே.

கல்லூரி அலுவலகத்தில் அவருக்கு 'வெளிநாடு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வெளிநாடு வந்தாச்சா என்று கேட்பார்கள். வெளிநாட்டுக்கு டீ போயிடுச்சா என்பார்கள். வெளிநாடு கையெழுத்துப் போடாமலேயே பாத்ரூம் போய்விட்டது, போய்ப் பிடியுங்கள் என்று கத்துவார்கள். அவருக்கு அது காதில் விழும். உள்ளூர ஒரு சந்தோஷம்கூட வரும். ஆண்டு முழுக்க அவரைக் குறித்து யாரும் இத்தனை முறை விசாரிப்பதில்லை.

வெளிநாடு வெளிநாட்டில் என்ன வேலை செய்கிறது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. முதல் ஆண்டு அழைப்பிதழில் 'பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்' என்று போட்டார்கள். அது உண்மை. நான்காம் ஆண்டு 'ஆய்வறிஞர்' ஆனார். ஏழாம் ஆண்டு பேனர் எழுதியவர் இடம் மிச்சம் இருக்கிறதே என்று 'பேராசிரியர்' ஆக்கினார். உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகமும் இவ்வளவு சிக்கலில்லாமல் பதவி உயர்வு தந்ததில்லை.

நிஜத்தில் அவர் ஒரு பெரிய பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் நூற்பட்டியல் போடுகிறவர். ஐம்பத்து நான்கு வயது. உலகமெங்கும் நடக்கும் கருத்தரங்குகளின் கட்டுரைத் தொகுப்புகள் பெட்டி பெட்டியாக அவரிடம் வந்து இறங்கும். ஒவ்வொன்றையும் பிரித்து, எந்த ஊரில் நடந்தது, எந்தத் தேதி, யார் யார் எந்த நாட்டிலிருந்து வந்து பேசினார்கள் என்பதைக் கணினியில் ஏற்ற வேண்டும். பிறகு முதுகில் எண் ஒட்டி அலமாரியில் ஏற்ற வேண்டும். அதன் பிறகு அந்தத் தொகுப்பை யாரும் இறக்கிப் பார்ப்பதில்லை என்பது அந்தத் தொழிலின் பரம ரகசியம்.

நிலவறையில் அவர் ஒருவர்தான். மேலே இருப்பவர்கள் அவரைக் 'கீழே இருக்கிறவர்' என்று சொல்வார்கள். ஆக, இங்கே வெளிநாடு, அங்கே கீழே. லிஃப்டில் ஏறினால் ஒரு பெண்குரல் 'கதவு மூடுகிறது' என்று சொல்லும். சில வாரங்களில் திங்கள் முதல் வெள்ளி வரை அவரிடம் பேசிய ஒரே குரல் அதுதான். பதில் சொல்லக்கூடாதா என்று அவருக்கு ஒருநாள் தோன்றியது. மறுநாளிலிருந்து படியேறத் தொடங்கினார். உடம்புக்கும் நல்லது.

வீடு ஒரு சலவைக்கடைக்கு மேலே ஒற்றை அறை. முப்பது வயதில் கல்யாணமாகி, மனைவியின் வேலைக்காகத்தான் அந்த நாட்டுக்கே போனார். மூன்றே ஆண்டுகளில் கல்யாணம் கழன்றுகொண்டது. அந்த அம்மாள் வேறு நகரத்துக்குப் போனார். இவர் இருந்த இடத்திலேயே இருந்தார். யாரும் யாரையும் திட்டவில்லை. இரண்டு நாற்காலி போட்ட ஒரு சாப்பாட்டு மேஜை மட்டும் இவர் பங்குக்கு வந்தது. இரண்டாவது நாற்காலியில் காகிதங்களை அடுக்கிவைத்தார். உட்கார ஆளில்லாத நாற்காலி கண்ணை உறுத்தும். காகிதம் வைத்துவிட்டால் அது அலமாரி.

அந்தக் காகிதங்கள் ஒரு வரைபடத்துக்கானவை. ஆறு ஆண்டுகளாக மதிய இடைவேளையில் அவர் போட்டுவந்த வரைபடம். தன் கையால் ஏற்றிய பதிவுகளையெல்லாம் எடுத்து, கருத்தரங்கு நடந்த ஊருக்கு ஒரு புள்ளி, பேச வந்தவரின் ஊருக்கு ஒரு புள்ளி, நடுவில் ஒரு கோடு. எத்தனை முறை போனார்களோ கோடு அத்தனை தடிமன். யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. நேரம் போக வேண்டுமே என்று ஆரம்பித்தது மெல்ல மெல்லப் பித்தாகப் பிடித்துக்கொண்டது.

போடப் போட, அறிவுலகம் என்பது பெரிய உலகமே இல்லை என்று தெரிந்தது. மேல்வரிசையில் ஒரு பன்னிரண்டு நகரங்கள். அவர்கள் இவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள், இவர்கள் அவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள், சம்பந்தி வீட்டுப் போக்குவரத்து மாதிரி. அந்தப் பன்னிரண்டுக்கும் நடுவில் கோடுகள் பின்னிப் பின்னி வலையாகக் கிடந்தன. கீழே மிச்ச உலகம் முழுவதும் தூவிவிட்ட கடுகுபோலத் தனித்தனிப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளிலிருந்தும் ஆட்கள் கட்டுரை அனுப்பியிருந்தார்கள். தொகுப்பின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அவர்கள் பெயர் இருக்கும், பக்கத்தில் 'வர இயலவில்லை' என்று. விசா கிடைத்திருக்காது. நாற்காலி போட்டு, மேஜையில் பெயர்ப்பலகை வைத்து, ஆள் வராமல் போன இடங்கள். அவற்றுக்குக் கோடு கிடையாது. அவர் நெடுநேரம் அந்தப் பெயர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் கணினி ஒரு விசித்திரத்தைக் காட்டியது. மேலே அவர் வசிக்கும் நகரம். அங்கிருந்து பன்னிரண்டையும் விட்டுவிட்டு, பாதாளத்துக்குக் கயிறு இறக்கியதுபோல ஒரு தடித்த கறுப்புக் கோடு செங்குத்தாகக் கீழே இறங்கி, கடுகுகளில் ஒரு கடுகின்மேல் போய் நின்றது. அந்தக் கடுகு அவருடைய சொந்த ஊர்.

அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். இந்த நகரத்திலிருந்து யாரோ ஒருவர் ஆண்டு தவறாமல் நம் ஊருக்குப் போய்வருகிறார்! பக்கத்துத் தெருவில்கூட இருக்கலாம். ஒரே பேருந்தில் ஏறியிருக்கலாம். பார்த்தால் என்ன பேசுவது என்றுகூட மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டார். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் சாலையைப் போட்டு முடித்தார்களா என்பதில் தொடங்கலாம். வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடலாம். இரண்டாவது நாற்காலியைக் காலி செய்ய வேண்டியிருக்கும். பிறகு பதிவைத் திறந்து பெயரைப் பார்த்தார்.

அவர் பெயர்தான். பதினோரு முறையும். தான் ஊருக்குப் போய்வருவதாகத்தான் அவர் நினைத்திருந்தார்; அது கருத்தரங்குக் கணக்கில் சேரும் என்று தோன்றியதே இல்லை.

அன்றைக்கு மாலை அவர் படியேறவில்லை. லிஃப்டில் போனார்.

இரண்டு வாரம் கழித்து ஊரிலிருந்து அந்த ஆண்டுக்கான அழைப்பு வந்தது. அனுப்பியவர் கல்லூரி முதல்வர். இருவரும் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் தேய்ந்தவர்கள். இந்த முறை தலைப்பு 'எல்லைகளற்ற அறிவு'. பதினோரு ஆண்டுகளில் முதல்முறையாகத் தலைப்புக்கும் அவருக்கும் ஏதோ சம்பந்தம் இருந்தது. அவர் உட்கார்ந்து நிஜமாகவே ஒரு கட்டுரை எழுதினார். யார் எங்கே போகிறார்கள், யார் போக முடியவில்லை, எந்த ஊர்களுக்கு யாருமே வருவதில்லை; எந்த ஊருக்கு ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்து, அதை சர்வதேசம் என்று எழுதிக்கொள்கிறார்கள். அனுப்பிய நான்காவது நிமிடத்தில், நிபுணர் குழு தீர ஆராய்ந்து கட்டுரையை ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது.

அந்தக் கல்லூரியில் ஒரு பழக்கம் உண்டு. தொடக்க விழா எப்போதும் இழுத்துக்கொண்டே போகும். வரவேற்புரை, வாழ்த்துரை, வாழ்த்துரைக்கு நன்றியுரை எல்லாம் முடிவதற்குள் பகல் ஒரு மணி ஆகிவிடும். கட்டுரைக்காரர்களுக்கு நேரம் இருக்காது. அமர்வுத் தலைவர் மைக்கைப் பிடித்து, ஒவ்வொரு பெயராகச் சொல்லி, 'வாசித்ததாகக் கொள்ளப்பட்டது' என்பார். பெயருக்குரியவர் எழுந்து ஒரு கும்பிடு போட்டுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போவார். வெளிநாட்டின் பதினோரு கட்டுரைகளும் அப்படித்தான் வாசித்ததாகக் கொள்ளப்பட்டன. அந்தக் கட்டுரைகள் இருந்த லட்சணத்துக்கு அது எல்லோருக்குமே நல்லதாகத்தான் போயிற்று.

இந்த முறை அப்படி விடுவதில்லை என்று அவர் முடிவு செய்திருந்தார். வாழ்நாளில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அது. ஒரு காதாவது கேட்க வேண்டும். ஆனால் கேட்டுவிட்டால் கல்லூரியின் குட்டு உடைந்துவிடும். அதற்கப்புறம் எந்த முதல்வர் அழைப்புக் கடிதம் அனுப்புவார்? அந்தக் கடிதம் இல்லாமல் அவர் ஊருக்கு எப்படி வருவார்? அம்மா போன பிறகு ஊரில் மிச்சமிருப்பது அக்கா ஒருத்திதான். அவள் ஒருமுறைகூட 'வா' என்று சொன்னதில்லை. கூப்பிடாத வீட்டுக்குப் போய் நிற்பதற்கு அவருக்கு ஒரு கருத்தரங்கு வேண்டியிருந்தது.

அக்கா நீதிமன்றத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். ஓர் ஆள் நிற்கும் அகலம். இரண்டு மெஷின், ஒரு லேமினேஷன், சுவரெங்கும் விண்ணப்பப் படிவங்கள். கணவர் இறந்து ஒன்பது ஆண்டுகள். மகன் வேறு ஊரில். தம்பியின் பதினோரு சான்றிதழ்களையும் லேமினேட் செய்து, 'சில்லறையாகக் கொடுக்கவும்' அட்டைக்கு மேலே வரிசையாக மாட்டிவைத்திருந்தாள். வருகிற வக்கீல் குமாஸ்தாக்களிடமெல்லாம் தம்பி புரொபசர் என்று சொல்லியிருந்தாள். பேனரைப் பார்த்துத்தான் அவளுக்கும் அது தெரியும்.

அவர் வந்து இறங்கியதும் கையில் இருந்த வரைபடத்தைக் கொடுத்து நூறு பிரதி கேட்டார். புரொஜெக்டரை அமைச்சர் வரும் பெரிய அரங்கத்துக்கு எடுத்துப் போய்விட்டார்களாம். காகிதத்தில்தான் காட்டியாக வேண்டும். அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, போய்த் தூங்கு, எழுந்திருக்கும்போது தயாராக இருக்கும் என்று விரட்டினாள். மாலையில் எழுந்தபோது பிரவுன் தாள் சுற்றி, நூல் கட்டி, மூலையில் 'தம்பி' என்று எழுதிய பொட்டலம் மேஜைமேல் இருந்தது. அவர் பிரிக்கவில்லை.

மறுநாள் எல்லாம் வழக்கம்போல நடந்தது. அமைச்சர் பதினோரு மணிக்கு வந்தார், எல்லை என்பதே மனதில்தான் இருக்கிறது என்று நாற்பது நிமிடம் பேசினார், போனார். அவரோடு பாதிக் கூட்டமும் போயிற்று. சாப்பாட்டுக்குப் பிறகு மீதிப் பாதியில் பெரும்பாதி போயிற்று. மூன்றாவது அமர்வு ஆரம்பித்தபோது அறையில் பதினான்கு பேர். அதில் மைக்செட்காரர் ஒருவர், சான்றிதழ் எழுதுகிற எழுத்தர் ஒருவர்.

அமர்வுத் தலைவர் ஓய்வு பெற்ற இயற்பியல்காரர். பட்டியலைப் பார்த்து மூன்று பேரை வாசித்ததாகக் கொண்டார். நான்காவது பெயரையும் அதே மூச்சில் கொள்ளப் போனார்.

"இல்லைங்க. நான் வாசிக்கிறேன்" என்றார் வெளிநாடு.

அறை திடுக்கிட்டது. சான்றிதழ் எழுதியவரின் பேனா நின்றது. அமர்வுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கடைசியில் ஐந்து நிமிடம் என்று விரலைக் காட்டினார். பொட்டலம் பிரிக்கப்பட்டுப் பின்வரிசைவரை பிரதிகள் போயின.

அவர் வாசித்தார். குரல் முதலில் கரகரத்தது; பழக்கமில்லாத குரல். பன்னிரண்டு நகரங்களைச் சொன்னார். வர முடியாமல் போனவர்களைச் சொன்னார். முன்வரிசையில் இருந்த வணிகவியல் விரிவுரையாளர் அம்மாள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கும் ஒன்றிரண்டு முறை விசா மறுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்ததும் இவருக்குத் தெம்பு வந்தது. தாளைக் கீழே வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார்.

"உங்க கையில இருக்கிற படத்துல மேலேர்ந்து கீழே ஒரு தடிச்ச கோடு வருது பாருங்க. அது நம்ம ஊருக்கு வருது."

எல்லோரும் பார்த்தார்கள். சிலர் தாளைத் திருப்பிப் பார்த்தார்கள்.

"கோடு எதுவும் இல்லையே சார்" என்றார் அந்த அம்மாள்.

அவர் ஒரு பிரதியை எடுத்துப் பார்த்தார். பன்னிரண்டு நகரங்கள் பின்னிக் கிடந்தன. கடுகுகள் கடுகுகளாக இருந்தன. அவர் வசிக்கும் நகரத்துக்கும் அவர் பிறந்த ஊருக்கும் நடுவே பளிச்சென்று வெள்ளை. அடியில் இருந்த அசலை உருவிப் பார்த்தார். அங்கும் இல்லை. கோடு இருந்த இடத்தில் வெள்ளை மை, நகப்பூச்சு பூசுகிற நிதானத்தோடு, ஓர் எழுத்தையும் தொடாமல் பூசப்பட்டிருந்தது.

அசலைக் கீழே வைத்தார். பேச வேண்டியது இன்னும் இரண்டு பக்கம் இருந்தது. அவ்வளவையும் விட்டுவிட்டு, "இருக்கணும். அந்தக் கோடு நான்தான். நான் மட்டும்தான். வேற யாரும் இங்க வரலை" என்றார்.

அமர்வுத் தலைவர் கைதட்ட ஆரம்பித்தார், அறையும் சேர்ந்துகொண்டது. தலைவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. எத்தனை அடக்கமாக, எத்தனை கவித்துவமாகச் சொன்னார் பாருங்கள், நமக்கும் உலகத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத கோடாக ஒரு மனிதர் என்று மைக்கில் உருகினார். அடுத்த ஆண்டு மலரின் அட்டையில் இதைப் போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். வணிகவியல் அம்மாளும் கைதட்டினார். அவர் முகத்தில் சற்றுமுன் இருந்தது போய், மேடைக்குக் காட்டும் சிரிப்பு வந்திருந்தது.

வராந்தாவில் முதல்வர் வந்து தோளில் கைபோட்டார். அவர் மட்டும் எல்லாம் புரிந்தவர்.

"நல்ல வேளைடா, கோடு விழலை. அது உனக்கும் எனக்கும் தெரிஞ்சா போதாதா? அடுத்த வருஷம் உடற்கல்வித்துறை. தேதி சொல்றேன், வந்துடு."

அவர் கடைக்குப் போனபோது நீதிமன்றம் முடிந்து கூட்டம் வடிந்திருந்தது. அக்கா மெஷினைத் திறந்துவைத்து டோனர் பொடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எப்படிப் போயிற்று என்று கேட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள் என்றார். அவள் முகம் மலர்ந்தது. அப்புறம்தான் அவர் அந்த அசலை மேஜைமேல் வைத்தார்.

"அதுவா? உங்க ஊரு பிரிண்டர்ல டிரம் கீறியிருக்குடா. மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே இழுப்பா இழுத்திருந்துச்சு. முதல்ல என் மெஷின்தானோன்னு ஒரு மணி நேரம் துடைச்சேன். அப்புறம் பார்த்தா அசல்லயே இருக்கு. இவ்வளவு பெரிய ஆளுங்க முன்னாடி அழுக்குப் படத்தைக் கொடுப்பாங்களா?"

"படத்துல என்ன எழுதியிருந்ததுன்னு பார்க்கலையாக்கா?"

பார்க்க மாட்டாள். நீதிமன்ற வாசலில் கடை வைத்திருப்பவளுக்கு அது தொழில் சுத்தம். விவாகரத்து மனு, உயில், வாக்குமூலம் என்று ஊரின் குடும்ப ரகசியம் முழுவதும் அந்தக் கண்ணாடிமேல் குப்புறப் படுத்துவிட்டுத்தான் போகும். அவள் எழுத்தைப் பார்ப்பதில்லை. ஓரம் நேராக இருக்கிறதா, கறை இருக்கிறதா, அவ்வளவுதான். முப்பது ஆண்டாக அப்படித்தான். தம்பியின் தாளுக்கு மட்டும் தனிச் சட்டமா?

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அமர்வில் வாசிக்காமல் விட்டுவந்த இரண்டு பக்கத்தையும் அவளிடம் சொன்னார். தாள் பார்க்காமல் சொன்னார். பேராசிரியர் இல்லை, நிலவறையில் எண் ஒட்டுகிறவர் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அவள் துணியை மடித்து மடித்து உள்ளங்கை அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"அப்போ பதினோரு வருஷமும் நீ ஒருத்தன்தானா?"

"ஆமாக்கா."

"நான் கூப்பிட்டா உனக்கு அங்க வேலை கெட்டுடும்னுதான்டா வாயைத் திறக்கல. பெரிய வேலையில இருக்கான், கான்பரன்சுக்கு வர்றப்ப ரெண்டு நாள் தலையைக் காட்டுறதே பெருசுன்னு இருந்துட்டேன்."

ஓர் ஆள் வந்து சாதிச் சான்றிதழ் படிவம் இரண்டு வாங்கிக்கொண்டு போனார். அக்கா சுவரைத் திரும்பிப் பார்த்தாள். வரிசையாகத் தொங்கிய பதினோரு சான்றிதழ்களையும் பார்த்தாள். கழற்றுவாளோ என்று அவருக்கு இருந்தது. கழற்றவில்லை.

"காலேஜ் லெட்டர்ஹெட் நம்ம கடையிலதான் அடிக்கிறாங்க. உனக்கு லெட்டர் வேணும்னா சொல்லு, எப்ப வேணும்னாலும் நானே அடிச்சு அனுப்புறேன்."

அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. யோசித்துத்தான் சொல்லியிருந்தாள்.

அடுத்த ஆண்டு முதல்வரின் செய்தி வந்தபோது, இந்தமுறை முடியாதுடா என்று அவர் எழுதிவிட்டார். முதல்வர் கோபித்துக்கொள்ளவில்லை. மூன்றே நாளில் அலுவலகக் கண்காணிப்பாளரின் மருமகன், ஏதோ ஒரு குளிர்நாட்டில் டயர் கம்பெனியில் இருப்பவர், உடற்கல்வியில் உலக நிபுணராகக் கிடைத்துவிட்டார். இனி அவர்தான் வெளிநாடு.

அக்காவிடமிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. அவள் போனில் நீட்டிப் பேசுகிற ரகமும் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூப்பிடுவாள். உடம்பு எப்படி, சாப்பிட்டாயா, சரி வைக்கிறேன். 'வா' என்ற சொல் அதில் இன்னும் வரவில்லை. ஒருமுறை மட்டும், பின்பக்க அறைக்கு வெள்ளையடித்ததாகச் சொன்னாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

அந்த வாரம் அவர் நிலவறையிலிருந்து மேலே ஏறிப்போய், ஆண்டுதோறும் கருத்தரங்குக்காக எடுக்கும் ஆய்வு விடுப்பு வேண்டாம், சாதாரண விடுப்புப் படிவம் வேண்டும் என்று கேட்டார். கொடுத்த பெண்ணுக்கு ஆச்சரியம். இருபது ஆண்டுகளில் அவர் அதைக் கேட்டதே இல்லை. கீழே வந்து உட்கார்ந்து நிரப்பினார். பணியாளர் எண், எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை, கையெழுத்து. எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டால் என்ன எழுதுவது என்று படியிறங்கும்போதே யோசித்துவைத்திருந்தார். மூன்று விதமாக எழுதிப் பார்த்து மூன்றையும் மனதுக்குள் அடித்திருந்தார்.

அந்தப் படிவத்தில் காரணம் கேட்கும் கட்டமே இல்லை. பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். அங்கும் இல்லை.